பல்லாரி வளையமும் ராகு காலமும்

பல்லாரி வளையம் மொறுமொறுவென்று வர வேண்டுமானால் முதலில் பஜ்ஜியை மறக்க வேண்டும். எனக்கு அதற்கு ஒரு வாரம் பிடித்தது.

பெரிய வெங்காயத்தை எங்கள் பக்கம் பல்லாரி என்போம். நான் செங்கோட்டை ரோட்டில் ஒரு மில்லில் மரம் அறுக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சமையல் என்னுடையது. சோறு, குழம்பு, ஒரு பொரியல் தினமும் உண்டு. பஜ்ஜி நன்றாக வரும். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

சந்தேகம் வந்தது மகளுக்கு.

அவள் தென்காசியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். ஒரே பிள்ளை. வீட்டில் நானும் அவளும்தான். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டார்கள். மகளோடு தனியாக இரண்டு வார்த்தை பேசினார்கள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. எழுந்து, "ஊருக்குப் போயி போன் போடுதோம்" என்றார்கள். போன் வரவில்லை. ஒருத்தரிடமிருந்தும் வரவில்லை.

பிறகு தரகர் ராயகிரியிலிருந்து ஒரு இடம் கொண்டுவந்தார். எலுமிச்சைத் தோட்டம். மாப்பிள்ளைக்கு அப்பா கிடையாது. அம்மாவும் பையனும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ஆனி மாதம் முடிய இருந்தது. ஆடி பிறந்தால் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள்.

மகள் சொன்னாள்.

"இந்தத் தடவ பஜ்ஜி வேண்டாம்ப்பா."

"ஏன், பஜ்ஜி என்ன செஞ்சுது?"

"தின்னுட்டுப் போன ஒருத்தனும் போன் போடல. பஜ்ஜிக்கு ராசியில்ல."

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னாள்.

"இதுதான் கடைசி. இவுகளும் போன் போடுதோம்னு போயிட்டாவன்னா, இனி யாரையும் வரச் சொல்லாதீங்க. தட்டத் தூக்கிட்டு என்னால இன்னொரு தடவ நடக்க முடியாது."

சரி என்றேன். அவள் ஒன்று சொன்னால் மாற்ற மாட்டாள். அந்தக் குணம் என்னுடையது. வேறு யாரைக் குறை சொல்ல?

"அப்ப என்ன போட?"

"ஆனியன் ரிங். பல்லாரிய வளையம் வளையமா வெட்டிப் பொரிக்கிறது. கடிச்சா சத்தம் கேக்கும்."

லேபில் கூட வேலை பார்க்கிற பிள்ளைகளோடு ஒரு கடையில் தின்றிருக்கிறாள். நான் தின்றதில்லை. ஆனால் எண்ணெயும் மாவும் பல்லாரியும் எனக்குத் தெரியாத சாமான் இல்லை.

"செஞ்சிரலாம்" என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பல்லாரியை வட்டமாக வெட்டி வளையங்களைப் பிரித்தேன். மாவு கரைக்கும்போது கை தன் வழியில் போய்விட்டது. கடலை மாவு, மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகை சோடா உப்பு. கெட்டியாகக் கரைத்துவிட்டது. எண்ணெயில் போட்டதும் உப்பியது. நடுவில் இருந்த ஓட்டை மூடிக்கொண்டது.

அடுத்த தெருவில் இருக்கிற என் அக்கா அப்போது வந்தாள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுப் பெரிய பொம்பளை அவள்தான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னலே இது, சைக்கிள் ட்யூபா?"

"வளையம்."

"வளையம்னா வெரல் போகணும்லா. பேசாம வாழக்கா பஜ்ஜி போடுலே. தெரிஞ்ச சோலியப் பாரு."

நான் தெரிந்த சோலியை விட்டேன்.

மறுநாள் கடலை மாவு டப்பாவைப் பரணில் தூக்கி வைத்தேன். கைக்கு எட்டினால் கை போடும். மைதா, கொஞ்சம் அரிசி மாவு, கொஞ்சம் சோள மாவு, உப்பு. தண்ணீருக்குப் பதில் பெட்டிக் கடையிலிருந்து குளிர்ந்த சோடா. சோடா மகள் சொன்னது. அவள் போனில் பார்த்தாள். மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் இளக்கம். பொரித்தேன். வளையம் வளையமாகவே இருந்தது. நிறமும் வந்தது.

கடித்தேன். பல்லாரி முழுசாக உருவிக்கொண்டு வாயோடு வந்தது. கையில் வெறும் கூடு.

"பாம்பு சட்டைய உரிச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள் மகள்.

அன்றைக்குப் படுக்கும்போது மில்லை நினைத்தேன். ஈர மரத்தில் வார்னிஷ் அடித்தால் நிற்காது. அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். பிறகு தோல் தோலாக உரியும். பல்லாரியும் ஈரச் சாமான்தான்.

அடுத்த நாள் ஒவ்வொரு வளையத்தையும் விரலில் மாட்டிப் பார்த்தேன். உள்பக்கம் கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் இருந்தது. வழவழவென்று இருந்தது. மாவு அதில் எப்படிப் பிடிக்கும்? நகத்தால் உரித்து எடுத்தேன். பொறுமை வேண்டிய வேலை. எனக்கு அது உண்டு. உரித்த வளையங்களைத் துண்டில் ஒற்றி ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். காய்ந்ததும் முதலில் வெறும் மைதாவில் புரட்டினேன். பிறகுதான் கரைத்த மாவு. அதற்கு மேல் பேக்கரி ரஸ்க்கைப் பொடித்து ஒரு புரட்டு. கடலை எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி மாவு விட்டால் உடனே மேலே வர வேண்டும்.

மகள் கடித்தாள். சத்தம் முன்னறை வரை கேட்டது.

"இதுதாம்ப்பா" என்றாள்.

இன்னொரு சங்கடம் இருந்தது. எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய மேலகரத்தில். குற்றாலத்துச் சாரல் வாசல் வரை வரும். அந்த மாதத்தில் தீப்பெட்டி கூட நமத்துப் போகும். பொரித்ததைத் தட்டில் குவித்து வைத்தால் அடியில் இருப்பது முதலில் வேர்த்துவிடும். அறுத்த பலகையை நாங்கள் மில்லில் அப்படியே அடுக்க மாட்டோம். இடையில் குச்சி வைத்து அடுக்குவோம். காற்று போக வேண்டும். அதே மாதிரி ஒரு அகலத் தட்டில் கழுவிக் காயவைத்த தென்னை ஈர்க்குகளைப் பரப்பினேன். அதற்கு மேல் வளையங்களை ஒன்றை ஒன்று தொடாமல் வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றது. அதற்கு மேல் நிற்காது. சாரலோடு சண்டை போட முடியாது. சுடச்சுடத் தின்றுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் பார்த்து முடிந்துவிட வேண்டும் என்று அக்கா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கேசரி அவள் செய்தாள். மகள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நான் மூன்று மணிக்குச் சரியாக ஒரு ஈடு பொரித்து ஈர்க்குகளின் மேல் வைத்தேன்.

போன் அடித்தது. மாப்பிள்ளைப் பையன்.

"மாமா, வந்துட்டோம். ஆனா அருவில நல்ல தண்ணி விழுதாம். ஒரு தல நனைச்சுட்டு வந்துருதோம்னு அம்மா சொல்லுதா."

எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் குற்றாலத்துக்குப் போயிருக்கிறார்கள். சரி என்று வைத்தேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்தாவளா, குளிக்க வந்தாவளா?"

"ரெண்டுக்கும்தான். அருவில தண்ணி விழுந்தா எவன் நேரா வீட்டுக்கு வருவான்? நீ போவியா?"

"நான் சோலிய முடிச்சிட்டுப் போவேன்."

"அவுக பெறகு முடிக்காவ."

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போனைக் கையில் வைத்திருந்தாள். பார்க்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, சீசன். ரோடு முழுக்க வண்டி. அருவியில் வரிசை நிற்கும். எனக்குத் தெரியும்.

அவர்கள் வந்தபோது மணி நாலே கால். எலுமிச்சை ஏற்றுகிற குட்டியானை வண்டி. பையன் ஓட்டிவந்தான். பக்கத்தில் அம்மா. அந்த அம்மா தலையில் ஈரத் துண்டு கட்டியிருந்தார்கள். இறங்கும்போதே எலுமிச்சை வாசம்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. அருவியப் பாத்துட்டுத் திரும்ப மனசு வரல."

"யாருக்குத்தான் வரும். உள்ள வாங்க."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அக்கா அடுப்படியிலிருந்து கையை ஆட்டினாள். போனேன்.

"மணியப் பாரு. தட்ட எடுத்துப் பிள்ள கையில குடு. வெரசா."

தட்டின் மேல் பெரிய மூடி ஒன்று கவிழ்ந்திருந்தது.

"இத யாரு மூடுனா?"

"நான்தான். சாரல் அடிக்கி. ஈ வேற. பலகாரத்தத் தெறந்தா போடுவாவ?"

மூடியைத் தூக்கினேன். உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. வளையத்தை எடுத்தேன். வளைந்து தொங்கியது. சாரல் நாளில் எதையும் மூடி வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அரிசி, உப்பு, பருப்பு, எல்லாவற்றுக்கும் அது சரி. சூடாகப் பொரித்ததுக்கு அது எமன். அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. நான்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"ருசி அதேதான்லே. கொண்டு போகச் சொல்லு. ராகு காலம் பொறக்கப் போவுது."

"கேசரிய மட்டும் கொண்டு போகட்டா அத்தை?" என்றாள் மகள். அவள் முகம் வாடியிருந்தது. கையில் இன்னும் தட்டு இல்லை. ஆனால் தூக்கிக்கொண்டு நிற்பவள் மாதிரியே நின்றாள்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"ஏலே, எண்ண காயுறதுக்குள்ள நாலரை ஆயிரும்!"

"ஆகட்டும். ராகு காலத்துல எண்ண கொதிக்காதா?"

முன்னறைக்குப் போய் நின்றேன். எனக்குச் சுற்றிப் பேசத் தெரியாது.

"ஒரு பலகாரம் போடுதேன். அது இங்கன வரைக்கும் வந்தா செத்துரும். நீங்கதான் அடுப்படிக்கு வரணும்."

உள்ளே அக்கா தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பையன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா ஈரத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

"பசிக்கி அண்ணாச்சி. அருவில நின்னுட்டு வந்தா வயிறு சும்மா கெடக்குமா? எங்கன வரணும் சொல்லுங்க."

எங்கள் அடுப்படியில் மூன்று பேர் நிற்கலாம். ஐந்து பேர் நின்றோம். அக்கா நிலைப்படியில். மகள் பட்டுச் சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு மாவுப் பாத்திரத்துக்கு முன்னால் வந்துவிட்டாள். மீதி வளையங்கள் ஃபேனுக்கு அடியில் காய்ந்து கிடந்தன. அவள் முக்கிக் கொடுத்தாள். நான் எண்ணெயில் விட்டேன். பையன் ரஸ்க் தூள் தட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். உயரமான பையன். தலைக்கு மேல் இருந்த சாமான் அலமாரியில் இடிக்காமல் குனிந்து நின்றான்.

"அந்தத் தட்டக் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் மகள். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

தள்ளினான்.

"நான் புரட்டித் தரட்டா?"

"கை ஈரமா?"

அவன் கையைப் பார்த்தான். "கொஞ்சம்."

"அப்பத் தொடாதீங்க. தொடச்சிட்டு வாங்க."

அவன் சட்டையிலேயே துடைத்தான். அம்மா சிரித்தார்கள். முதல் ஈடு எடுத்து நீட்டினேன். பையன் கடித்தான். சத்தம் நன்றாகக் கேட்டது.

"கொள்ளாம்" என்றான்.

"ஏலே, இங்கனயும் மலையாளமா? தமிழ்ல சொல்லு" என்றார்கள் அம்மா.

"நல்லாருக்கு மாமா."

அம்மாவும் தின்றார்கள். இன்னொன்று எடுத்தார்கள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்கள். அப்போது நிலைப்படியிலிருந்து அக்கா மெதுவாக, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ராகு காலம் பொறந்துட்டு."

அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் பேசவே இல்லை. தின்றார்கள், அவ்வளவுதான். அதுவரை கலகலவென்று இருந்த பொம்பளை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

மகள் கையைக் கழுவாமலே பையனைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிருதேன். முன்னால வந்தவங்ககிட்டயும் இதத்தான் தனியா சொன்னேன். இன்னைக்கு எல்லாரும் இங்கனயே நிக்கீங்க, அதனால எல்லாரும் கேளுங்க. நான் தென்காசிய விட்டு வர மாட்டேன். வேலைக்குப் போவேன். அப்பாவ அடிக்கடி பாக்குற மாதிரி இருக்கணும்."

என் கரண்டி எண்ணெயிலேயே நின்றது. எனக்கு இது தெரியாது. ஏன் போன் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. பாவம், பஜ்ஜி மேல் பழி போட்டிருந்தோம்.

"கருகுதுப்பா" என்றாள் மகள். எடுத்தேன்.

பையன் யோசித்தான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"நான் தினமும் லோடு ஏத்திட்டுப் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போறவன். ராயகிரில படுத்தா விடியுறதுக்கு ரொம்ப முன்னால எந்திரிக்கணும். தென்காசில படுத்தா இன்னும் கொஞ்சம் தூங்கலாம்."

"தூங்குறதுக்காகவா?" என்றாள் மகள்.

"அதும் ஒரு காரணம்தான்."

அவள் சிரிப்பை அடக்கினாள். எல்லாரும் அவன் அம்மாவைப் பார்த்தோம். அவர்கள் மென்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பேசினேன்.

"ஏட்டி, எனக்காகச் சொல்லாத. நான் தனியா இருந்துக்கிடுவேன். பாரு, பொரிச்சுட்டுத்தான நிக்கேன்."

"தெரியும்ப்பா. உங்களுக்காக மட்டும் சொல்லல. எனக்கும் இந்த ஊரு வேணும்."

மாவு தீர்ந்தது. அடுப்பை அணைத்தேன். காப்பி குடித்தார்கள். அந்த அம்மா வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நல்லாருந்துச்சு அண்ணாச்சி. ஊருக்குப் போயி போன் போடுதோம்."

அதே வார்த்தை. மகள் உள்ளே போய்விட்டாள். குட்டியானை தெருமுனையில் திரும்பியது. எலுமிச்சை வாசம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சாரல் அதையும் அடித்துக்கொண்டு போனது.

அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ராகு காலத்துல பொண்ண நிறுத்துனா வேற என்ன நடக்கும்? அதும் அடுப்படிக்குள்ள. மாப்பிள்ள வீட்டுக்காரிய எண்ணப் புகைக்குள்ள நிக்க வச்சிட்ட. ஊர்ல சொன்னா சிரிப்பாவ."

"சிரிக்கட்டும்."

"அந்தப் பையனுக்கு அம்மா வாயவே தெறக்கல, பாத்தியா?"

பார்த்தேன். எண்ணெயை வடிகட்டினேன். அடுப்பைத் துடைத்தேன். மகள் சேலையை மாற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். மூடி போட்டு நமத்துப் போன அந்த முதல் ஈடு அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்துத் தின்றாள்.

"பஜ்ஜிய விட மோசம்ப்பா."

"மூடியிருக்கப்படாது."

நானும் ஒன்று எடுத்தேன். இரண்டு பேரும் தின்றோம். சாமானை வீணாக்குகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"என்னப் பத்தி நெனைக்காம கெளம்புன்னு சொல்லுவேன்."

"அதான் சொல்லல."

அக்கா வீட்டுக்குக் கிளம்பி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. மணி ஆறு. ஆறு தாண்டி ஒரு நிமிஷம் கூட இருக்காது.

"ஹலோ."

"சம்பந்தியா?"

மகளைப் பார்த்தேன். போனில் ஸ்பீக்கரை அமுக்கினேன்.

"சம்பந்தி, கேக்குதா? கடையநல்லூர்ல வண்டிய ஓரங்கட்டிருக்கோம். ஆறு மணி அடிக்கட்டும்னு காத்துக் கெடந்தேன். ராகு காலத்துல நல்ல வார்த்த சொல்லப்படாதுல்லா? உங்க அடுப்படியில வாய மூடிட்டு நின்னேம் பாருங்க, அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா வாய் தன்னால சொல்லிரும். அதான் காப்பியக் குடிச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

"சொல்லுங்க" என்றேன்.

"பிள்ள கேட்டது எல்லாம் சரி. தென்காசியிலேயே இருக்கட்டும். வேலைக்கும் போகட்டும். ஆனா உங்க வீட்டுல வேண்டாம் சம்பந்தி. அடுத்த தெருவுல ஒரு வீடு பாருங்க. வீட்டோட மாப்பிள்ளைன்னு ராயகிரில ஒருத்தனும் வாயத் தெறக்கப்படாது."

மகளைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள்.

"பாத்துருவோம்."

"ஆடி பொறக்க முந்தி பூ வச்சிருவோம். பெறகு, அந்தப் பல்லாரிக்கு எந்த மாவு போட்டிய?"

"மாவுல ஒண்ணும் இல்ல சம்பந்தி. முதல்ல பல்லாரி காயணும். அவ்வளவுதான்."

போனை வைத்தேன். அக்கா ஒரு செருப்பை மாட்டியபடி நின்றாள். தோற்றுப்போன முகம் இல்லை. அவளுக்குத் தோற்கத் தெரியாது.

"பாத்தியா? நாலரைக்கு முன்னால தட்டு போயிருந்தா அப்பமே சொல்லிருப்பா. நான் சொன்னேம்லா."

"நமத்ததத் தின்னுட்டா சொல்லுவா?"

அக்கா மகளைப் பார்த்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, சரி. ஒரு பத்து பல்லாரி வாங்கி வை. பூ வைக்க வரும்போது நானும் உரிக்கேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போனாள்.

இப்போது அவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். மருமகன் விடியலில் லோடோடு போய்ச் சாயங்காலம் வருகிறான். மகள் லேபுக்குப் போகிறாள். சாரல் விழுகிற நாளில் நான் பல்லாரி வெட்டினால் போன் போடுவேன். இரண்டு பேரும் வந்து அடுப்படியில் நின்று தின்றுவிட்டுப் போவார்கள். தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஒரு தெரு தாண்டினால் நமத்துப் போகும்.